'பேர் போடல' என்றொரு குறிச்சொல்

எதையும் திறந்து பார்க்காமல் அழிக்க வேணிக்குக் கை வராது. சென்னையில் ஒரு கம்பெனியில் இணையதளங்களைப் பராமரிக்கும் வேலையில் இருந்தபோது இதற்காகவே அவளைக் கிண்டல் செய்வார்கள். "பழைய ஃபைல் பத்து இருக்கு, அழிச்சிருன்னு சொன்னா, வேணி பத்தையும் படிச்சு முடிச்சு, அப்புறம் ரெண்ட வச்சுக்கலாமான்னு கேட்பா" என்பார் அவளுடைய டீம் லீடர். அதில் பொய்யில்லை.

கொரோனா காலத்தில் லேப்டாப்போடு சொந்த ஊரான குன்னத்துக்கு வந்தவள் அங்கேயே தங்கிவிட்டாள். கம்பெனி சென்னை அலுவலகத்தை மூடிவிட்டது. அப்பா நடராசன் மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிறவர். மகள் வீட்டிலிருந்து என்ன வேலை பார்க்கிறாள் என்பது அவருக்கு முழுசாகப் பிடிபட்டதில்லை. யாராவது கேட்டால், "கம்ப்யூட்டர்ல களை எடுக்குது" என்பார். வேணிக்கு அந்த விளக்கம் பிடித்திருந்தது. பெரம்பலூரில் ஒரு பள்ளிக்கூடம், ஒரு விதைக்கடை, இரண்டு ஆஸ்பத்திரி என்று இணையதள வேலைகள் ஒவ்வொன்றாக வந்தன. அப்படித்தான் போன வருடம் தை மாதம் அய்யம்பெருமாள் கூப்பிட்டார்.

அவர் பெரம்பலூரில் 'மருதைச் செய்தி' என்ற வார இதழை நடத்தியவர். தொண்ணூற்றாறில் தொடங்கிய எட்டுப் பக்கப் பத்திரிகை. ஆசிரியர், நிருபர், சில வாரங்களில் கட்டுப்பிரித்து பஸ்ஸில் போடுகிறவர் எல்லாமே அவர்தான். அச்சு நின்று ஏழு வருடமாகிறது. இப்போது இணையதளம் மட்டும். பழைய இதழ்களில் வந்த பத்தொன்பதாயிரம் செய்திகளும் ஒன்றுவிடாமல் தட்டச்சு செய்து அதில் ஏற்றப்பட்டிருந்தன.

"ஜெயங்கொண்டம்னு தேடுனா பாதிதாம்மா வருது. மீதி உள்ளதான் இருக்கு, ஆனா வரமாட்டேங்குது" என்றார் அவர்.

வேணி உள்ளே இறங்கிப் பார்த்தாள். ஒவ்வொரு செய்தியின் அடியிலும் அது எந்த ஊர், எந்தத் துறை, யாரைப் பற்றியது என்று காட்டும் குறிச்சொற்கள் உண்டு. டேட்டாபேஸில் அந்தச் சொற்கள் ஒரு டேபிளில் இருக்கும். எந்தச் சொல் எதற்குக் கீழே வரும் என்பது இன்னொன்றில். எந்தச் செய்திக்கு எந்தச் சொல் ஒட்டியிருக்கிறது என்பது மூன்றாவதில். முதல் டேபிளைத் திறந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஜெயங்கொண்டம் ஐந்து ஜெயங்கொண்டமாக இருந்தது. ஜெயங்கொண்டம், செயங்கொண்டம், ஜயங்கொண்டம், ஜெயங்கொண்டான் என்று நான்கு. ஐந்தாவதும் முதலாவது போலவேதான் தெரிந்தது. ரொம்ப நேரம் உற்றுப் பார்த்த பிறகுதான் அதன் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருப்பது புரிந்தது. மொத்தம் நாலாயிரத்துச் சொச்சம் சொற்கள். ஆயிரத்து ஐந்நூறு இருந்தாலே அதிகம்.

ஊர்களை மாவட்டத்துக்குக் கீழே அடுக்கப் போனபோது இன்னொரு சிக்கல் வந்தது.

"சார், இந்தச் செய்தி 2003. அப்ப ஜெயங்கொண்டம் எந்த மாவட்டம்?"

அய்யம்பெருமாள் கண்ணாடியைக் கழற்றினார். "தொண்ணூத்தஞ்சுல திருச்சியிலேர்ந்து பெரம்பலூர் பிரிஞ்சுது. 2001ல அரியலூர் தனியாப் போச்சு. அடுத்த வருசமே திரும்பச் சேத்துட்டாங்க. 2007ல மறுபடி பிரிச்சாங்க. நீ கேக்குற வருசம் பெரம்பலூர்."

"அப்ப இதை எதுக்குக் கீழ வைக்கட்டும்? படிக்கிறவங்க இன்னைக்கு அரியலூர்ல தேடுவாங்களே."

"அத நீதாம்மா சொல்லணும்."

ஒரு சொல்லுக்கு மேலே ஒரே ஒரு தாய்ச்சொல்தான் இருக்க முடியும் என்பது அந்த மென்பொருளின் விதி. வேணி இரண்டு நாள் யோசித்து, இன்றைய மாவட்டத்துக்கு ஓர் அடுக்கும், செய்தி வந்த அன்று இருந்த மாவட்டத்துக்குத் தனியாக ஓர் அடுக்கும் போட்டாள். இதழின் தேதியைப் பார்த்து இரண்டாவதைத் தானே நிரப்பிக்கொள்ளும்படி ஒரு புரோகிராம் எழுதினாள். அது சரியாக ஓடியபோது, பாராட்ட ஆளில்லாவிட்டாலும், எழுந்துபோய் ஒரு டீ போட்டுக் குடித்தாள்.

அடுத்தது ஒரே பொருளுள்ள சொற்களை ஒன்றாக்குவது. தப்பான எழுத்தில் இருக்கும் சொல்லோடு ஒட்டிய செய்திகளையெல்லாம் சரியான சொல்லுக்கு மாற்ற வேண்டும். ஒரே செய்தியில் இரண்டும் இருந்தால் ஒன்றைக் கழிக்க வேண்டும். எண்ணிக்கையைத் திரும்ப எண்ணிவிட்டு, செய்தி எதுவும் ஒட்டாமல் போன சொல்லை நீக்க வேண்டும். கடைசியாகக் குப்பை. 'டெஸ்ட்', 'செய்தி1', 'ககக' என்றெல்லாம் யாரோ அவசரத்தில் அடித்துவிட்டுப் போன சொற்கள். இவற்றைப் பிடிக்க ஒரு விதி வைத்தாள். உருப்படியான சொல் ஒரு பக்கமாகத்தான் இருக்கும். 'திருகல் நோய்' என்றால் விவசாயத்தில், 'கபடி' என்றால் விளையாட்டில். தாய்ச்சொல்லும் இல்லாமல், ஆறு பிரிவுகளுக்கு மேல் சிதறியும் கிடந்தால் அது குப்பை.

நிஜத் தளத்தில் கை வைக்காமல் ஒரு நகலில் ஓட்டிப் பார்த்தாள். அழிக்கப்போகும் சொற்களின் பட்டியலைப் புரோகிராம் முதலில் காட்டியது. அறுநூற்றுப் பதினொன்று. வழக்கம்போல ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தாள். எல்லாவற்றுக்கும் பக்கத்தில் எட்டு, பன்னிரண்டு, ஒன்பது என்று எண்ணிக்கை. நடுவில் ஒரு வரி மட்டும் வேறு மாதிரி இருந்தது.

'பேர் போடல'. 386.

முன்னூற்று எண்பத்தாறு முறை யாரும் கை தவறி அடிக்க மாட்டார்கள். தவிர, மற்ற சொற்களெல்லாம் அச்சுத் தமிழில் இருக்க, இது மட்டும் யாரோ பக்கத்தில் நின்று பேசுவதுபோல் இருந்தது.

நிருபரின் பெயர் போடாத செய்திகளாக இருக்கும் என்று முதலில் நினைத்தாள். திறந்து பார்த்தால் நிறைய செய்திகளுக்கு மேலே அய்யம்பெருமாளின் பெயர் இருந்தது. அடுத்து, படத்துக்கு விளக்கம் எழுதாத செய்திகளோ என்று பார்த்தாள். பாதிச் செய்திகளில் படமே இல்லை. முன்னூற்று எண்பத்தாறையும் வரிசையாக எடுத்து அச்சடித்து, குன்னம் போகும் பஸ்ஸில் மடியில் வைத்துப் படிக்க ஆரம்பித்தாள்.

தொண்ணூற்றேழில் செட்டிகுளம் மலையடிவாரத்தில் கிடந்த நகைப்பையை மூதாட்டி ஒருவர் போலீசில் ஒப்படைத்திருந்தார். பையைத் தொலைத்தவர் பெயர் இருந்தது, பாராட்டிய இன்ஸ்பெக்டர் பெயர் இருந்தது. இன்னொரு செய்தியில் வெள்ளத்தில் சிக்கிய நாற்பது பேரை டிராக்டரில் ஏற்றி மேட்டுக்குக் கொண்டு சேர்த்திருந்தார் 'டிரைவர்'. டிராக்டர் யாருடையது என்பது தெளிவாக இருந்தது. ஒரு பள்ளி விழாப் படத்தில் இடமிருந்து வலமாக ஐந்து பேரின் பெயர், பிறகு 'மற்றும் சமையலர்'. வேணி தாள்களைப் புரட்டினாள். விவசாயத் தொழிலாளி ஒருவர். அவ்வழியே சென்ற பெண் ஒருவர். துப்புரவுப் பணியாளர் ஒருவர்.

பஸ் குன்னத்தில் நின்றது அவளுக்குத் தெரியவில்லை. கண்டக்டர்தான், "எறங்கலையாம்மா?" என்று கேட்டார்.

யார் இதைச் செய்தது என்று தெரிந்துகொள்ளாமல் அவளால் வேறு வேலை பார்க்க முடியவில்லை. குறிச்சொல்லை யார் ஒட்டினார்கள் என்பதை டேட்டாபேஸ் எழுதி வைப்பதில்லை. ஆனால் செய்தியை யார் ஏற்றியது என்பது இருந்தது. அந்த முன்னூற்று எண்பத்தாறும் ஒரே ஆள் ஏற்றியவை. ஏழாம் எண் பயனர். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'டைப்பிங் 2' என்று இருந்தது.

"டைப்பிங்கா? ரெண்டு பொண்ணுங்க இருந்துச்சுங்க" என்றார் அய்யம்பெருமாள். "ஒண்ணு கல்யாணமாகி சேலம் போயிருச்சு. இன்னொண்ணு விக்கிரமங்கலம், அதுதான் ரெண்டாவது. தமிழ்மொழின்னு பேரு. பத்து வருசத்துக்கு முன்னாடி. கை நல்லா வேகம். எதுக்கு?"

"ஒரு சந்தேகம் சார். கேட்டுட்டு சொல்றேன்."

தமிழ்மொழி இப்போது விக்கிரமங்கலத்தில் ஒரு இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறாள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டாள். அரியலூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. மையத்தில் சாதிச் சான்றிதழுக்கும் பட்டா நகலுக்கும் பத்துப் பேர் நின்றார்கள். கம்ப்யூட்டருக்குப் பின்னால் முப்பத்துநாலு வயதிருக்கும் பெண் ஒருத்தி, நிமிராமலே எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். வரிசை முடியும்வரை வேணி காத்திருந்தாள்.

"சொல்லுங்க மேடம். என்ன சர்டிபிகேட்?"

"சர்டிபிகேட் இல்லங்க. நான் மருதைச் செய்தி சைட்ல வேலை பாக்குறேன். 'பேர் போடல'ன்னு ஒரு டேக் இருக்கு."

தமிழ்மொழியின் விரல்கள் நின்றன. "அத அழிச்சுட்டீங்களா?"

"இல்ல. அதைக் கேக்கத்தான் வந்தேன்."

தமிழ்மொழி எழுந்து உள்ளேயிருந்து இன்னொரு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். சொல்ல ஆரம்பித்ததும் தடையில்லாமல் வந்தது. தொண்ணூற்றொன்பது கோடைலீவில், திருச்சியிலிருந்து விருந்தாளியாக வந்த இரண்டு பையன்கள் பக்கத்து ஊர்க் கிணற்றில் விழுந்துவிட்டார்கள். அந்தக் காட்டில் கடலை பறிக்கப் போயிருந்த தமிழ்மொழியின் அம்மா ஆண்டாயி சத்தம் கேட்டு ஓடி, சேலையை அவிழ்த்து ஒரு முனையை மோட்டார் குழாயில் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கி இருவரையும் மேலே கொண்டுவந்தார். ஒன்பது வயதுத் தமிழ்மொழி கிணற்றுமேட்டில் நின்று பார்த்தாள். ஆட்கள் கூடுவதற்குள், சட்டையும் பாவாடையுமாக நிற்கக் கூச்சப்பட்டு, ஆண்டாயி மகளை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிட்டார்.

"2014ல அந்த வார இதழு என் கைக்கே டைப் அடிக்க வந்துச்சு மேடம். பசங்க பேரு, அவங்கப்பா பேரு, தீயணைப்பு அதிகாரி பேரு எல்லாம் இருக்கு. அம்மாவுக்கு 'அவ்வழியே சென்ற பெண் ஒருவர்'. அவ்வழியே எங்க போனாங்க, அங்கதான வேலை செஞ்சாங்க."

"சார்ட்ட சொல்லலையா?"

"அம்மான்னு சொல்லல. பொதுவா, பேரு தெரிஞ்சா சேக்கலாமான்னு கேட்டேன். அச்சுல வந்தது வந்தபடிதான் ஏறணும், ஒரு எழுத்து மாறக்கூடாதுன்னுட்டாரு. அதுவும் நாயந்தான. ஆனா கீழ டேக்னு ஒரு கட்டம் இருந்துச்சு. அதுல என்ன போட்டாலும் யாரும் பாக்க மாட்டாங்க. அதுல போட்டேன். அப்புறம் அதே மாதிரி இன்னொண்ணு வந்துச்சு. இன்னொண்ணு வந்துச்சு." அதோடு ஒன்றைச் சேர்த்துச் சொன்னாள். "கெடுக்கப்பட்ட பொண்ணுங்க, சின்னப் பிள்ளைங்க கேசு, அதுக்கெல்லாம் போடல. அதுல பேரு வரக்கூடாதுன்னு தெரியும்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"அந்தச் செய்திய நான் படிச்சே காட்டல. பேரு இல்லாத பேப்பர எதுக்குக் காட்டணும்?"

மறுநாள் வேணி இதை அய்யம்பெருமாளிடம் சொன்னபோது அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை.

"வகைன்னா ஊரு, துறை, ஆளு. இருக்குறத வச்சுப் பிரிக்கிறதும்மா. இல்லாதத வச்சு எப்படிப் பிரிப்ப?"

"386 செய்தியிலயும் ஒரே விஷயம் இல்லாம இருக்கு சார். அப்ப அது ஒரு வகைதானே?"

அவர் தாள் கட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்தார். வேணி தன் வேலையைப் பார்த்தாள். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது அவர் ஒரே தாளைக் கையில் வைத்திருந்தார். கிணற்றுச் செய்தி.

"இது நான் எழுதுனது. டீக்கடையில ஒருத்தர விசாரிச்சேன். கடலை பறிக்க வந்த பொம்பளதான் தூக்குச்சுன்னாரு. எழுதிக்கிட்டேன்." தாளைக் கீழே வைத்தார். "அந்தம்மா பேரு என்னன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு. நான் கேக்கல."

செய்தியில் ஒரு எழுத்தும் மாறாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். வேணிக்கும் அதுதான் சரி என்று பட்டது. குப்பை விதியிலிருந்து அந்தச் சொல்லை விலக்கி, அதற்குத் தனி அடுக்கு ஒன்று அமைத்தாள். 'பேர் போடல' தாய்ச்சொல். தெரியவரும் ஒவ்வொரு பெயரும் அதற்குக் கீழே ஒரு சொல். செய்தியின் அடியில், 'இச்செய்தியில் பெயர் இல்லாதவரை உங்களுக்குத் தெரியுமா?' என்று ஒரு வரியும் போன் நம்பரும். வந்த பெயரைச் சரிபார்த்துவிட்டு ஏற்றும் வேலையை, ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்மொழி பார்ப்பதாக ஏற்பாடு. அவளுக்குப் புதிதாக ஒரு பயனர் கணக்கு தொடங்கியபோது பெயர்க் கட்டத்தில் வேணி முழுப் பெயரையும் அடித்தாள்.

போன்கள் வந்தன. செட்டிகுளத்து மூதாட்டியின் பேரன் பேசினார். வெள்ளத்தில் டிராக்டர் ஓட்டியவர் இறந்துவிட்டதாகவும், பெயர் அரியமுத்து என்றும் அவர் மனைவி சொன்னார். சமையலர் யார் என்பதை அந்தப் பள்ளியில் படித்த மூன்று பேர் தனித்தனியாகச் சொன்னார்கள், மூன்று பேரும் அவர் வைத்த குழம்பைப் பற்றியும் பேசினார்கள். எல்லாமே இப்படி லேசாக முடிந்துவிடவில்லை. ஒரு பாதைக்கு நிலம் விட்டுக்கொடுத்த 'விவசாயி ஒருவர்' தங்கள் தாத்தாதான் என்று இரண்டு குடும்பங்கள் சண்டைக்கு வந்தன. அது இன்னும் காலியாகவே இருக்கிறது. ஒரு பெண்மணி கூப்பிட்டு, பஸ் விபத்தில் காயம்பட்டது தான்தான் என்றும், அன்றைக்கு அந்த பஸ்ஸில் ஏறியது வீட்டுக்குத் தெரியாது, அதனால் போடவே போடாதீர்கள் என்றும் கேட்டுக்கொண்டார். வேணி அந்தச் செய்தியிலிருந்து குறிச்சொல்லை எடுத்துவிட்டாள். பெயரில்லாமல் இருப்பதும் ஒருவருக்கு வேண்டியதாக இருக்கும் என்று அதுவரை அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை. ஆறு மாதத்தில் நாற்பத்தொரு பெயர்கள் சேர்ந்தன.

ஆண்டாயியின் பெயரைத் தமிழ்மொழி தானே ஏற்றவில்லை. "நானே போட்டா நல்லாருக்காது மேடம். நீங்க வந்து அம்மாட்ட கேட்டுட்டுப் போடுங்க" என்று சொல்லிவிட்டாள்.

ஆவணி மாதத்து ஞாயிறொன்றில் வேணி மறுபடி விக்கிரமங்கலம் போனாள். ஆண்டாயிக்கு அறுபதுக்கு மேல். வாசலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வாம்மா. வூடு தேடிக் கஷ்டப்பட்டியா?" என்றார்.

வேணி செல்போனில் செய்தியைத் திறந்து மெதுவாகப் படித்தாள். 'அவ்வழியே சென்ற பெண் ஒருவர்' என்ற இடம் வந்தபோது தமிழ்மொழி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அதில் மாற்றம் எதுவும் தெரியவில்லை.

"இதுக்குக் கீழ உங்க பேரப் போடலாங்களா?"

"போட்டுக்க. நான் எறங்குனது நெசந்தான." பிறகு ஆண்டாயி முன்னால் குனிந்தார். "அதுக்கு முன்னாடி ஏதோ பேரு படிச்சியே. அந்தப் பசங்க பேரா?"

"ஆமாங்க. ராஜராஜன், பதினொன்று. ராஜா, எட்டு. சாமிதுரைங்கிறவரோட பசங்க."

"ராஜராஜன்" என்றார் ஆண்டாயி. "பெரியவன்தான் என் தலமயிரப் புடிச்சுக்கிட்டு விடவே இல்ல. சின்னவன் மேல வந்தும் அழுவல. கண்ண மட்டும் முழிச்சு முழிச்சுப் பாத்தான். பேரு கேக்கணும்னு நெனச்சேன். சேல கெணத்துல கெடக்குது, எங்க நின்னு கேக்குறது? அன்னைக்கே அவங்கள டவுன் ஆஸ்பத்திரிக்கு ஏத்திட்டுப் போயிட்டாங்க, அப்புறம் ஊருக்கு வரவே இல்ல. சின்னவன் பேரு என்ன சொன்ன?"

"ராஜா."

"ராஜா" என்று சொல்லிப் பார்த்தார். இருபத்தைந்து வருடமாக அம்மாவுக்குப் பையன்களின் பெயர் தெரியாது என்பது தமிழ்மொழிக்கு இப்போதுதான் தெரிந்தது. அவள் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"இப்ப எங்க இருக்கானுங்க, என்ன பண்றானுங்கன்னு அதுல போட்டிருக்கா?" என்று ஆண்டாயி செல்போனைக் காட்டிக் கேட்டார்.

"இல்லீங்க. இது அன்னைக்கு எழுதுனது."

"பெரியவனுக்கு முப்பத்தாறு இருக்கும். புள்ளகுட்டி இருக்கும்." அவர் தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நீச்சல் கத்துக்கிட்டானுங்களான்னு கேக்கணும்."

அங்கேயே உட்கார்ந்து வேணி அந்தச் சொல்லைச் சேர்த்தாள். சேமித்துவிட்டுப் பக்கத்தைத் திரும்பத் திறந்தபோது, செய்தியின் அடியில் 'ஆண்டாயி' என்று வந்திருந்தது. அதைத் தொட்டால் அவருடைய பெயர் வரும் செய்திகளின் பட்டியல் திறக்கும். பட்டியலில் ஒன்றுதான் இருந்தது. ஆண்டாயி ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையாட்டினார், பிறகு சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று சொல்லி எழுந்தார்.

மறுநாள் காலை பத்திரிகை அலுவலகத்தில் வேணி, அந்தப் பையன்களின் அப்பா பெயரைப் போட்டு, 'சாமிதுரை' என்று தேடினாள். பதினேழு செய்திகள் வந்தன. எல்லாச் சாமிதுரைகளும் ஒரே குறிச்சொல்லுக்குள் அடைந்துகிடந்தார்கள், யார் யாரென்று பிரிக்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் சாமிதுரையின் செய்தியைத் திறந்து படிக்கத் தொடங்கினாள்.